தொந்தி போச்சு, நீர் வந்தது!

ஊரப்பாக்கத்தில் ஒரு வீடு. அந்த வீட்டு அம்மாளுக்கு வயது நாற்பது. இரண்டு குழந்தைகள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வயிறு தொங்கிப் போய்விட்டது. நடைப் பயிற்சி செய்து பார்த்தார். பட்டினி கிடந்தும் பார்த்தார். வயிறு குறையவில்லை. கடைசியில் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து கொண்டார். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து, தொப்புளுக்குக் கீழே மறுபடியும் ஒரு வீக்கம். கையை வைத்து அழுத்தினால் தண்ணீர்ப் பை போலத் தளும்பியது. "பணமும் போச்சு, வயிறும் திரும்பி வந்துவிட்டதே!" என்று வீட்டில் எல்லோரும் பதறினார்கள்.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இந்த வீக்கம் கற்பனை அல்ல. வயிற்றுச் சதையைக் குறைக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு வரும் தொல்லைகளில் அதிகமாகக் காணப்படுவது இதுதான். டாக்டர்கள் இதை 'செரோமா' என்கிறார்கள். வந்திருப்பது கொழுப்பு அல்ல, நீர்.

நீர் எங்கிருந்து வருகிறது?

இந்த ஆபரேஷனில், அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் தசையிலிருந்து பிரித்து எடுப்பார்கள். வேண்டாததை வெட்டி நீக்கிவிட்டு, மீதித் தோலைக் கீழே இழுத்துத் தைப்பார்கள். பிரசவத்தில் விலகிப் போன தசைகளையும் சேர்த்துத் தைப்பது உண்டு. அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் ஹோவர்டு கெல்லி என்ற டாக்டர், 1899-ம் ஆண்டிலேயே இம்மாதிரி ஆபரேஷன் செய்திருக்கிறார்.

பிரித்த தோல் தசையோடு மறுபடி ஒட்டிக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். அதுவரை இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். அறுபட்ட நுண்ணிய குழாய்களிலிருந்து கசியும் நீர் அந்த இடைவெளியில் வந்து தங்கும். உடம்பு அசைய அசைய, ஒட்ட வேண்டிய தோல் ஒட்டாமல் வழுக்கும். நீர் மேலும் சேரும்.

பருமன் அதிகம் உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பும் அதிகம். புகை பிடிப்பவர்களுக்குப் புண் ஆறுவதே தாமதமாகும். தோலின் ஒரு பகுதி கருகிப் போவதும் உண்டு. அதனால்தான் ஆபரேஷனுக்குப் பல வாரம் முன்பே புகையை நிறுத்தச் சொல்கிறார்கள்.

குழாயும் நோட்டுப் புத்தகமும்

நீர் தேங்காமல் இருக்க, பல டாக்டர்கள் அடிவயிற்றில் ஒன்று அல்லது இரண்டு மெல்லிய குழாய்களை வைத்து அனுப்புவார்கள். குழாயின் முனையில் ஒரு சிறு குடுவை இருக்கும். அதை அமுக்கி, காற்றை வெளியேற்றி மூடினால், அது விரிய முயலும்போது உள்ளே இருக்கும் நீரை உறிஞ்சும். குடுவை காற்றால் உப்பிக் கிடந்தால் அது வேலை செய்யவில்லை என்று பொருள். வீட்டில் இருப்பவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. குழாய் தொங்கிக்கொண்டு இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

முதல் நாள் வடிவது சிவப்பாக இருக்கும். பிறகு வெளுத்து, வைக்கோல் நிறத்துக்கு வரும். வடிந்த நீரைக் காலையும் மாலையும் அளந்து, ஒரு நோட்டில் எழுத வேண்டும். தொடுவதற்கு முன்னும் பின்னும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஒரு குழாயில் 24 மணி நேரத்தில் வடிவது சுமார் 30 மில்லிக்குக் கீழே இறங்கிய பிறகே குழாயை எடுப்பது வழக்கம். பலருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் இந்த நிலை வந்துவிடும். குழாய் நெடுநாள் உள்ளே இருந்தால் அதன் வழியே கிருமி போகும். அவசரப்பட்டு எடுத்தாலோ நீர் தேங்கும். எப்போது எடுப்பது என்பதை டாக்டர் முடிவு செய்ய, அந்த நோட்டுக் கணக்குதான் கை கொடுக்கும். வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகூட இந்தக் கணக்கை எழுதலாம்.

சில டாக்டர்கள், தோலைத் தசையோடு உள்ளுக்குள்ளேயே பல இடங்களில் தைத்துவிடுகிறார்கள். இடைவெளி குறைவதால் நீர் சேருவதும் குறைகிறது. அப்படித் தைத்தவர்களுக்குக் குழாயே இல்லாமல் இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரிக்குக் குழாய் வைத்தார்களே, நமக்கு வைக்கவில்லையே என்று கலங்க வேண்டியதில்லை.

பாட்டி வைத்தியம் இங்கே செல்லாது

பிள்ளை பெற்றவளுக்குப் பழைய சேலையைக் கிழித்து வயிற்றில் இறுகக் கட்டுவது நம் வீடுகளில் வழக்கம். இங்கும் வயிற்றுப் பட்டை உண்டு. ஆனால் இறுக்கத்துக்கு அளவு உண்டு. அளவுக்கு மீறி இறுக்கினால், ஏற்கெனவே இழுத்துத் தைத்த தோலுக்கு ரத்தம் போவது குறையும். மூச்சு விடவும் சிரமம். டாக்டர் கொடுத்த பட்டையை, அவர் சொன்ன நாள் வரைக்கும் கட்டினால் போதும்.

அடுத்தது வெந்நீர் ஒத்தடம். வீக்கம் என்றால் நம் வீட்டில் முதலில் அடுப்பில் ஏறுவது வெந்நீர்தான். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு அது ஆபத்து! அடிவயிற்றுத் தோல் பல மாதங்களுக்கு மரத்துப் போய் இருக்கும். சுடுவது தெரியாது. தோல் வெந்து கொப்புளம் போட்ட பிறகுதான் தெரியவரும்.

தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் நீர் வற்றும் என்பதும் தவறு. இது குடித்த தண்ணீர் வந்து தங்கியது அல்ல. தண்ணீரைக் குறைத்தால் உடம்பு வறண்டு, காலில் ரத்தம் உறையும் அபாயமே கூடும். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குவதும் இதே போலத்தான்.

குழாயை எடுத்த பிறகு நீர் சேர்ந்தால் என்ன செய்வது? கொஞ்சமாக இருந்தால் உடம்பே அதை உறிஞ்சிக்கொள்ளும். அதிகமாக இருந்தால் டாக்டர் ஊசியால் இழுத்து எடுப்பார். தோல் மரத்திருப்பதால் வலி குறைவு. ஒரு தடவையில் தீராது. பல தடவை போக வேண்டி வரலாம். அப்படியும் நிற்காமல் போனால் மறுபடி குழாய் வைக்கலாம். கவனிக்காமல் மாதக்கணக்கில் விட்டுவிட்டால், நீரைச் சுற்றி ஒரு உறை வளர்ந்துவிடும். பிறகு அந்த உறையை எடுக்க இன்னொரு ஆபரேஷன்!

யார் பொறுப்பு?

ஊரப்பாக்கத்து அம்மாளுக்குச் சிக்கல் இங்கேதான். ஆபரேஷன் செய்தவர் நகரத்தில் இருக்கிறார். ஜி.எஸ்.டி. ரோட்டில், பச்சைப் புண்ணோடு, வாரம் இரண்டு தடவை போய்வர வேண்டும். உள்ளூர் டாக்டரிடம் போனால், வேறொருவர் அறுத்த வயிற்றில் ஊசி போட அவர் தயங்குவார். தயங்குவது நியாயமே. விளம்பரத்தில் சொல்லும் மொத்தக் கட்டணத்தில் இந்த ஊசிச் செலவு அடங்குமா என்று முன்கூட்டிக் கேட்பவர்களும் குறைவு. அழகுக்கான ஆபரேஷனுக்கு மருத்துவ இன்சூரன்சும் பொதுவாகக் கிடைக்காது. ஆக, ஆஸ்பத்திரி கணக்கை முடித்துவிடுகிறது. பாக்கி வேலை வீட்டுக்காரர்கள் தலையில் விழுகிறது. இது நல்ல ஏற்பாடு அல்ல.

உடல் இளைக்கும் ஆபரேஷன் என்றாலே தென் சென்னைப் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. 2024-ம் ஆண்டு ஏப்ரலில், பம்மலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு எடைக் குறைப்பு ஆபரேஷனுக்காக வந்த 26 வயதுப் புதுச்சேரி வாலிபர் இறந்துபோனார். அரசாங்கம் விசாரணை நடத்தியது. ஆஸ்பத்திரியின் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. அதற்கு முன்பு, 2022-ம் ஆண்டு மே மாதம், பெங்களூரில் கொழுப்பு நீக்கச் சென்ற 21 வயதுக் கன்னட டெலிவிஷன் நடிகை உயிரிழந்தார். இவை வேறு வகைச் சிகிச்சைகள். வயிற்றுத் தோலுக்கு அடியில் சேரும் நீரால் இப்படி உயிர் போவது அபூர்வம். ஆனால் உடனடி அவசரம் இல்லாதவர்கள் ஆபரேஷன் மேஜைக்குப் போகிறார்கள் என்பது மூன்றுக்கும் பொது. நோய் இல்லாதவருக்கு ஒரு கெடுதல் வந்தால், அது முழுவதும் ஆபரேஷனால் வந்ததே.

ஆகவே முன்பணம் கட்டும் முன்பே சில கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். அறுப்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். போன்ற மேல்படிப்புப் படித்தவரா? நீர் சேர்ந்தால் எடுப்பது யார்? அதற்குத் தனிக் கட்டணமா? இரவில் போன் செய்தால் எடுப்பார்களா? ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது, செய்த ஆபரேஷனின் விவரம் எழுதிய தாளைக் கேட்டு வாங்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவக் குறிப்புகளைக் கொடுக்க வேண்டும் என்று 2002-ம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி சொல்கிறது. அந்தத் தாள் கையில் இருந்தால், உள்ளூர் டாக்டரோ செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரி டாக்டரோ அதைப் பார்த்து உதவ முடியும். பணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று சுப்ரீம் கோர்ட்டு 1995-ம் ஆண்டிலேயே தீர்ப்புக் கூறியிருக்கிறது. ரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும்.

வீட்டில் தானே ஊசி குத்தி நீர் எடுக்கப் பார்ப்பது கூடவே கூடாது. காய்ச்சல், தையலைச் சுற்றிச் சிவப்பு, நாற்றம் அடிக்கும் சீழ் இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். வீக்கம் சில மணி நேரத்தில் பெரிதாகி இறுகினால், அது நீர் அல்ல, ரத்தமாக இருக்கலாம். கெண்டைக்காலில் வலியும் வீக்கமும், திடீர் மூச்சுத் திணறல், மார்பு வலி இவை நீர் கோத்ததன் அடையாளம் அல்ல. ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அப்போது ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியைத் தேடிப் போக நேரம் இல்லை. 108-க்குப் போன் செய்து, மிக அருகில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.