கியாஸ் இல்லாமல் 'சில்' காற்று! கரண்டு பில்தான் சுடும்

கியாஸ் கிடையாது. கம்ப்ரசர் கிடையாது. தடதட சத்தமும் கிடையாது. தீப்பெட்டி அளவு தகட்டில் கரண்டு பாய்ந்தால் போதும், ஐஸ் மாதிரி சில்லிடும்.

இதற்கு "பெல்டியர்" தகடு என்று பெயர். பிரான்சு நாட்டு முன்னாள் கடிகாரக்காரர் பெல்டியர் 1834-ல் கண்டுபிடித்த சூட்சுமம் இது. தகட்டின் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். காரில் வைக்கும் குளிர்பெட்டிகள் பலவற்றில் இதுதான் இருக்கிறது.

அப்படியானால் ஏ.சி.யை தூக்கி கடாசி விடலாமா? அங்கேதான் சிக்கல்.

யானைப்பசி

ஒரு டன் ஏ.சி. சுமார் 3,500 வாட் சூட்டை அறையில் இருந்து வெளியே தள்ளுகிறது. அதற்கு தின்னும் கரண்டு சுமார் 1,000 வாட். அதே வேலைக்கு இன்றைய தகடுகள் 3 மடங்கும் கேட்கும், அதற்கு மேலும் கேட்கும்.

இந்த தகடு வைத்த "மினி ஏ.சி."யை மேஜையில் வைத்தால் என்ன ஆகும்? முகத்துக்கு சில் காற்று, முதுகுக்கு அனல்! சுடும் பக்கமும் அறைக்குள்ளேயே இருப்பதால், மொத்தத்தில் அறை சூடுதான் ஆகும்.

பிறகு ஏன் மவுசு?

ஏ.சி.யில் உள்ள "ஆர்-32" கியாஸ் கசிந்தால், கரியமில வாயுவைப்போல் சுமார் 675 மடங்கு பூமியை சூடாக்கும். இத்தகைய கியாசை குறைக்க 2016-ல் கிகாலி நகரில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. இந்தியா குறைக்க வேண்டியது 2032-ல் இருந்து.

அதனால்தான் ஆராய்ச்சி சூடு பிடித்துள்ளது. சாம்சங் நிறுவனம் கம்ப்ரசருக்கு துணையாக இந்த தகட்டையும் பிரிஜ்ஜில் வைத்து விட்டது.

ஆக, இப்போதைக்கு தகடு எடுபிடிதான். எஜமான் கம்ப்ரசரே! "கியாஸ் இல்லை" என்று கடைக்காரர் சொன்னால், "எத்தனை வாட்? சூடு எங்கே போகும்?" என்று கேட்டு விட்டு பர்சை திறப்பது நல்லது.