தாலாட்டுக்குள் ஒரு பிரிவு

‘கண்ணே கலைமானே’ பாட்டை, அதை எழுதிய, 1981 அக்டோபரில் மறைந்த கவிஞர் கண்ணதாசன் உலகத்திடம் விடைபெற்றதாக மட்டுமே வாசிக்கிறார் நண்பர் ஒருவர். ஏற்க மாட்டேன். ‘மூன்றாம் பிறை’ படத்தில் அது நாயகன் சீனுவின் பாட்டு. நினைவிழந்து, குழந்தை மனதோடு இருக்கும் விஜியிடம் காதலைத் தாலாட்டாகத்தான் அவனால் சொல்ல முடியும். அவளுக்கு நினைவு திரும்பினால் அவன் அவளுக்கு அந்நியன். அவள் குணமாவதும் அவன் இழப்பதும் ஒரே நொடியில்; இனிப்பும் கசப்பும் அங்கேதான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் மலைரயில் பாதையில், கேத்தி நிலையத்தில் எடுத்த கடைசிக் காட்சியில், அவனை யாரென்றே தெரியாமல் போகிறாள். விடைபெற இருவருக்கும் நினைவு வேண்டுமே! கவிஞரின் மரணத்தைச் சாட்சிக்கு அழைத்தால், சீனு இன்னொரு முறை மறக்கப்படுகிறான். யேசுதாஸ் குரலை முதலில் அந்தப் படத்துக்குள் வைத்துக் கேளுங்கள்.