மருத்துவமனைத் திருப்பத்தில் ஒரு கண்ணாடி: எதை வாங்கணும், எங்கே மாட்டணும்?

"ஓரம் போங்க... ஓரம் போங்க..." மருத்துவமனை வராண்டாவில் இந்தக் குரலைக் கேட்காதவர் மதுரையில் இருக்க மாட்டார். ஸ்ட்ரெச்சர் தள்ளி வருபவருக்கு இன்றைக்கும் ஹாரன் அதுதான். நேரான வராண்டாவில் அது போதும். பிரச்னையே திருப்பத்தில்தான். சுவருக்கு அந்தப் பக்கம் யார் வருகிறார் என்று இவருக்குத் தெரியாது. இவர் வருவது அவருக்கும் தெரியாது.

இதற்கு எளிய தீர்வு ஒன்று இருக்கிறது. மலைப்பாதை வளைவிலும், பேஸ்மென்ட் பார்க்கிங்கிலும், நகைக்கடைக் கூரையிலும் நாம் பார்த்திருக்கும் அதே வளைந்த கண்ணாடி. பள்ளிப் பாடத்தில் இதன் பெயர் குவி ஆடி. விலை சில ஆயிரம் ரூபாய்க்குள்தான். ஆனால் ஏதோ ஒன்றை வாங்கி, ஏதோ ஒரு மூலையில் மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் சிக்கல். தப்பான கண்ணாடி, இல்லாத பாதுகாப்பை இருப்பதாகக் காட்டும்.

முதலில் மோதுவது நோயாளி

ஒரு ஸ்ட்ரெச்சரின் நீளம் ஏறக்குறைய 2 மீட்டர். தள்ளுபவர் பின்னால் நிற்கிறார். அதாவது, அவர் கண் திருப்பத்தை எட்டுவதற்கு முன்பே, படுத்திருப்பவரின் காலோ தலையோ எதிர் வராண்டாவுக்குள் நுழைந்துவிடுகிறது. கார் ஓட்டுபவருக்கு முன்னால் பானெட் இருக்கிற மாதிரி, இங்கே முன்னால் இருப்பது நோயாளி.

வேகத்தையும் பாருங்கள். அவசரமாக நடந்தால் நொடிக்கு ஒன்றரை மீட்டர். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் இடைவெளி நொடிக்கு 3 மீட்டர் குறையும். 3 மீட்டர் இடைவெளியில் ஒருவரையொருவர் பார்த்தால், நிறுத்த இருப்பது ஒரே நொடி. கண்ணாடியில் 9 மீட்டர் இடைவெளியிலேயே பார்த்துவிட்டால் 3 நொடி. இந்த இரண்டு நொடியைத்தான் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

பல இடங்களில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவது பயிற்சி பெற்ற ஊழியர்கூட இல்லை. பதற்றத்தில் இருக்கும் மகனோ, மருமகனோதான். கூடவே ஒரு கையில் டிரிப்ஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி ஒருவர். மோதினால் வலி மட்டும் இல்லை. ஊசி பிடுங்கிக்கொள்ளலாம், தையல் பிரியலாம், எலும்பு முறிந்த கால் மீண்டும் அடிபடலாம்.

மதுரைக்கு ஏன் இது முக்கியம்?

அரசு ராஜாஜி மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயர் காலத்தில் எர்ஸ்கின் மருத்துவமனை என்ற பெயரில் இருந்தது. 1954-ல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியோடு இணைந்து வளர்ந்தது. ஜப்பானின் ஜைகா நிதியுதவியோடு கட்டிய புதிய டவர் பிளாக் 2024-ல் திறக்கப்பட்டது. தேனி, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் என்று சுற்றுவட்டாரம் முழுக்க இங்கேதான் வருகிறது. பழைய கட்டடமும் புதிய கட்டடமும் சேர்ந்த இப்படியொரு வளாகத்துக்கு வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வழி புதுசு. போர்டைப் பார்த்துக்கொண்டே நடப்பவர், திருப்பத்தில் எதிரே வருவதைப் பார்ப்பது சந்தேகம்தான்.

கண் சிகிச்சைக்கும் மதுரை பேர் பெற்ற ஊர். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை உலகம் அறிந்தது. கண் அறுவை சிகிச்சை முடிந்து ஒரு கண்ணில் கட்டோடு நடப்பவருக்கு அந்தப் பக்கம் வருவது தெரியாது. தூரத்தைக் கணிப்பதும் கஷ்டம். அவரைப் பொறுத்தவரை கண்ணாடி இருந்தும் இல்லாத மாதிரிதான். எதிரே வருபவர்தான் அவரைப் பார்த்து நிற்கணும்.

இவை தவிர, வீடாக இருந்து நர்சிங் ஹோமாக மாறிய கட்டடங்கள் எத்தனையோ. 2016-ம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு மருத்துவமனை வராண்டாவுக்குச் சொல்லும் அகலம் 2.4 மீட்டர், அதாவது சுமார் 8 அடி. இரண்டு கட்டில்கள் ஒன்றையொன்று கடக்க அவ்வளவு வேணும். குடியிருக்கக் கட்டிய வீட்டில் அதற்கு எங்கே போவது?

கண்ணாடி சொல்லும் பொய்

குவி ஆடியில் உருவம் நேராகத் தெரியும், ஆனால் சிறியதாகத் தெரியும். பரந்த காட்சிக்கு நாம் கொடுக்கும் விலை அது.

ஒரு கணக்கு. வளைவு ஆரம் 1 மீட்டர் உள்ள கண்ணாடி. அதிலிருந்து 5 மீட்டர் தள்ளி ஒருவர் வருகிறார். நீங்கள் இந்தப் பக்கம் 3 மீட்டரில் நிற்கிறீர்கள். கண்ணாடியில் அவர் உங்களுக்குத் தெரியும் அளவு, நேரில் 38 மீட்டர் தள்ளி நிற்பவரின் அளவு! கார் பக்கவாட்டுக் கண்ணாடியில், உருவங்கள் தெரிவதைவிடப் பக்கத்தில் இருக்கின்றன என்று எழுதியிருப்பது இதனால்தான்.

ஆகவே ஊழியர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது ஒரே விதி: கண்ணாடியில் ஏதாவது அசைந்தால் நில்லுங்கள். "இன்னும் தூரம் இருக்கு, போயிடலாம்" என்ற கணக்கே வேண்டாம்.

எந்தத் திருப்பத்துக்கு எது?

எல் வடிவத் திருப்பம்: வெளிப்பக்க மூலையில் வட்டக் கண்ணாடி, அல்லது கூரை மூலையில் பொருந்தும் கால் கோளக் கண்ணாடி.

டி வடிவச் சந்திப்பு: கிளை வராண்டாவுக்கு நேரெதிர்ச் சுவரில் அரைக் கோளம். இரண்டு பக்கமும் தெரியும்.

நான்கு வராண்டா சந்திக்கும் இடம்: கூரை நடுவில் முழுக் கோளம்.

அளவுக்கு விற்பனையாளர்கள் சொல்லும் பொதுக் கணக்கு எளிது. பார்ப்பவருக்கும் கண்ணாடிக்கும் இடையே எத்தனை அடியோ, விட்டம் குறைந்தது அத்தனை அங்குலம். 24 அடி தூரத்தில் இருந்து பார்க்க 24 அங்குலக் கண்ணாடி. வளைவு கூடக் கூட அதிகப் பரப்பு தெரியும், உருவம் இன்னும் சிறுக்கும். அதனால் நேரான இரண்டு பாதைகள் மட்டும் சந்திக்கும் இடத்தில், பார்க்க நன்றாக இருக்கிறது என்று கோளத்தை மாட்ட வேண்டாம்.

கண்ணாடியா, பிளாஸ்டிக்கா?

சாதாரணக் கண்ணாடி தெளிவாகக் காட்டும். உடைந்தால் நோயாளி மேலேயே சில்லு விழும். அக்ரிலிக் லேசானது, விலை குறைவு. ஆனால் மருத்துவமனையில் அதற்கு ஒரு தனி எதிரி உண்டு: ஆல்கஹால் கலந்த கிருமிநாசினி. தொடர்ந்து துடைத்தால் அக்ரிலிக்கில் மெல்லிய விரிசல்கள் விழுந்து மங்கும். மென்மையான சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும் என்பதைத் துப்புரவுப் பணியாளர்களிடம் முதல் நாளே சொல்லிவிடணும். அடிபடும் இடங்களுக்குப் பாலிகார்பனேட் நல்லது, எளிதில் உடையாது. மனநல வார்டில் பாலிஷ் செய்த ஸ்டீல் பொருந்தும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறைப் பக்கம் காந்தம் இழுக்கும் இரும்புச் சட்டமோ கொக்கியோ கூடவே கூடாது.

மாட்டும் முன் ஒரு சோதனை

ஒருவர் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் ஸ்ட்ரெச்சரின் பின்னால் நின்றும், வீல்சேரில் உட்கார்ந்தும் பார்க்கட்டும். இருவர் கண்ணுக்கும் அடுத்த வராண்டா தெரிந்தால்தான் அது சரியான இடம். தலைக்கு மேலே, டிரிப்ஸ் ஸ்டாண்டு தட்டாத உயரத்தில், சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டணும். ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் நம்ம ஊர் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இருட்டு மூலையில் எந்தக் கண்ணாடியும் எதையும் காட்டாது. முதலில் டியூப்லைட்.

கண்ணாடி கடைசி வேலை

திருப்பத்தில் போட்டிருக்கும் பெஞ்ச், குப்பைத்தொட்டி, பழுதான டிராலி ஆகியவற்றை எடுப்பதற்குச் செலவே இல்லை. சாலையைப் போலவே வராண்டாவிலும் இடப்பக்கம் போகச் சொல்லித் தரையில் கோடு போடலாம். திறந்து மூடும் கதவுகளில் அந்தப் பக்கம் தெரிய ஒரு கண்ணாடிச் சட்டம் வைக்கலாம். இதெல்லாம் செய்த பிறகும் மறைவாக இருக்கும் மூலைக்குத்தான் குவி ஆடி.

மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் என்.ஏ.பி.எச். விதிமுறைகளில் கட்டட நிர்வாகத்துக்கும் பாதுகாப்புக்கும் தனி அத்தியாயமே இருக்கிறது. சான்றிதழை வரவேற்பறையில் மாட்டும் நிர்வாகங்கள், அந்த அக்கறையை வார்டுக்குப் போகும் வழியிலும் காட்டணும். மோதல் நடந்தால் மட்டும் பதிவு செய்யாமல், மயிரிழையில் தப்பியவற்றையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எந்த மூலை ஆபத்தானது என்று ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். அரசு மருத்துவமனைகளில் பராமரிப்பு மதிப்பீடு தயாரிக்கும்போதே இந்தச் செலவைச் சேர்க்கலாம். தோப்பூர் எய்ம்ஸ் போன்ற புதிய வளாகங்களில் இதற்கும் ஒரு படி முன்னால் போகலாம்: திருப்பத்தின் சுவர் முனையைச் சாய்வாக வெட்டிக் கட்டினால் மறைவே குறையும்.

கட்டிலில் படுத்திருப்பவர் கூரையைப் பார்த்தபடி போகிறார். எதிரே என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியாது, விலகவும் முடியாது. அவருக்காக எட்டிப் பார்க்கும் பொறுப்பு நிர்வாகத்துடையது. அதற்கு ஆகும் செலவு, பெரும்பாலும் ஒரு ஸ்கேன் கட்டணத்தைத் தாண்டாது.