மலைப் பிள்ளை மந்தப் பிள்ளையா?

கண் தெரியாமலும், காது கேளாமலும், கை கால் வழங்காமலும், புத்தி வளர்ச்சி தாமதப்பட்டும் பிறக்கின்ற குழந்தைகள் எல்லா ஜாதியிலும், எல்லா மதத்திலும், எல்லாத் தேசத்திலும் பிறக்கின்றன. ஆனால் அக்குழந்தையின் கதி, அது எந்த வீட்டில் பிறந்தது என்பதைப் பொறுத்தே நிர்ணயிக்கப்படுகின்றது. பட்டணத்துப் பணக்காரன் வீட்டில் பிறந்தால் அதற்கு டாக்டர் உண்டு, கருவி உண்டு, தனி உபாத்தியாயர் உண்டு. கல்வராயன் மலையில் ஒரு குடிசையில் பிறந்தால் அதற்குத் தலைவிதி ஒன்றுதான் உண்டு. இந்தத் தலைவிதியை எழுதியவன் பிரம்மா அல்ல. எழுதியவர்கள் மனிதர்களே; ஆதலால் அதை அழித்து எழுதவும் மனிதர்களால் ஆகும் என்பதே நமது அபிப்பிராயம்.

கள்ளக்குறிச்சி 2019-ம் வருஷத்தில் விழுப்புரத்தினின்று பிரிந்து தனி ஜில்லாவாயிற்று. அதன் மேற்கே இருப்பது கல்வராயன் மலை. அங்கு வாழும் பழங்குடி மக்களுக்குச் சர்க்கார் பட்டியலில் மலையாளிகள் என்று பெயர். பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என்று எண்ணிவிடக் கூடாது. இவர்கள் பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்தினின்று மலையேறியவர்கள் என்பது இவர்களுக்குள் வழங்கும் கதை. சாமையும், கேழ்வரகும், மரவள்ளியும் பயிரிடுகின்றார்கள். அது வயிற்றுக்குப் போதாதபோது வெளியூருக்கும் வெளி மாகாணத்துக்கும் கூலிக்குப் போகின்றார்கள். நாட்டுக்கு 1947-ல் சுதந்தரம் வந்ததாகச் சொல்லப்பட்டபோதிலும், இந்த மலையில் ஜாகீர்தார்கள் பிடி ஒழிந்தது 1976-ல்தான். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் மாண்ட பிறகு, சென்னை ஹைகோர்ட் தானாகவே ஒரு வழக்கெடுத்து இம்மலை மக்களின் வாழ்வைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிற்று. சாவு வந்து கதவைத் தட்டினால்தான் மலை நமது கண்ணுக்குத் தெரிகின்றது!

நிற்க. இந்த மலையில் ஊனமுற்ற பிள்ளை ஒன்று நாலெழுத்துப் படிக்க வேண்டுமானால் இரண்டு மூடநம்பிக்கைகளைத் தாண்டியாக வேண்டும். ஒன்று வீட்டில் இருப்பது. மற்றொன்று பள்ளிக்கூடத்தில் இருப்பது.

வீட்டில் இருப்பது நமது வாசகர்களுக்குத் தெரிந்ததேயாகும். பூர்வ ஜென்ம பாவம், சாமி குத்தம், கிரகணக் கோளாறு என்று காரணம் சொல்லி, கோவிலுக்கு நேர்ந்துகொண்டு, பிள்ளையை மூலையில் உட்கார வைத்து விடுவது. இது மலையில் மாத்திரம் இல்லை, மயிலாப்பூரிலும் உண்டு. இவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். இளம்பிள்ளை வாதமும் பாவத்தின் பலன் என்றுதானே சொல்லி வந்தீர்கள்? ஊர் ஊராகச் சொட்டு மருந்து கொடுத்ததில், இயற்கையாகப் பரவும் அந்நோய்க் கிருமி 2011-க்குப் பிறகு இந்தியாவில் யாரையும் தாக்கவில்லை. 2014-ல் உலக சுகாதார ஸ்தாபனமும் அதை ஒப்புக்கொண்டது. அப்படியானால் 2011-ம் வருஷத்தோடு இந்நாட்டார் எல்லோரும் பாவம் செய்வதை நிறுத்திவிட்டார்களா? காதில் சீழ் வடிவதை மருந்திட்டு ஆற்றாமல் விட்டால் காது மந்தமாகும். காது மந்தமான பிள்ளைக்குப் பேச்சு வராது. பேச்சு வராத பிள்ளையை ஊமையென்பார்கள். இதில் ஆண்டவனுக்கு வேலை எங்கே?

ஆனால் பள்ளிக்கூடத்தில் இருக்கும் மூடநம்பிக்கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது படித்தவர்களுடைய மூடநம்பிக்கையானதால் அதற்கு மரியாதை அதிகம். “மலைப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது, பெற்றோருக்கு அக்கறை கிடையாது, கூப்பிட்டால் வரமாட்டார்கள்” என்பதே அது. மலைப் பிள்ளையின் பேச்சில் சமவெளி உபாத்தியாயருக்கு விளங்காத சொற்கள் பல உண்டு. உபாத்தியாயர் பேச்சில் பிள்ளைக்கு விளங்காதவை அதைவிட அதிகம் உண்டு. இருவரில் ஒருவரை மாத்திரம் மந்தம் என்று சொல்லுவது எந்த நியாயம்? இதனால் இரு வகையிலும் கேடு விளைகின்றது. ஊனமில்லாத பிள்ளைக்கு மந்தப் பட்டம் கிடைக்கின்றது. மெய்யாகவே காது மந்தமாயுள்ள பிள்ளையோ, “மலைப் பிள்ளை அப்படித்தான் இருக்கும்” என்று கவனிக்கப்படாமல் போகின்றது.

இது நமது கற்பனையல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் ஸ்பானிய மொழி பேசும் ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளை ஆங்கிலத்தில் பரீட்சித்துவிட்டு, புத்திக் குறைவுள்ளவர்கள் என்று தனி வகுப்பில் தள்ளினார்கள். ஒன்பது பிள்ளைகளுக்காக வழக்குத் தொடரப்பட்டது. அவர்களுடைய மொழியிலேயே மறுபடியும் பரீட்சித்தபோது பெரும்பாலோர் புத்திக் குறைவற்றவர்கள் என்று வெளியாயிற்று. 1970-ல் சர்க்கார் தரப்பு இணங்கி வந்து, பிள்ளையின் வீட்டு மொழியிலேயே பரீட்சிப்பது என்று ஏற்பட்டது. 1975-ல் அந்நாட்டுச் சட்டம், ஊனமுற்ற பிள்ளைக்குத் தனித் திட்டம் எழுத வேண்டும், எழுதும்போது பெற்றோரும் உடனிருக்க வேண்டும் என்று விதித்தது.

நமது நாட்டிலும் சட்டத்திற்குப் பஞ்சமில்லை. 2009-ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாயிருக்க வேண்டும். 2016-ம் வருஷச் சட்டம் 21 வகை ஊனங்களை ஏற்றுக்கொண்டு, 40 சதவீதத்திற்குக் குறையாத ஊனமுள்ள பிள்ளைக்கு 18 வயது வரை இலவசக் கல்வி பெற உரிமையளிக்கின்றது. ஐந்து வருஷத்திற்கொரு முறை பள்ளிப் பிள்ளைகளைக் கணக்கெடுக்கவும் சொல்லுகின்றது. ஊனமுற்றோர் என்னும் பெயரையும் மாற்றுத்திறனாளிகள் என்று மாற்றியாயிற்று. பெயரை மாற்றுவது சுலபம், அதற்குச் செலவில்லை. மலைமேல் ஏறிப் பிள்ளையின் தாயோடு திண்ணையில் உட்கார்ந்து பேசுவதற்குத்தான் ஆள் இல்லை.

அந்தத் தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாமலிருக்கலாம். ஆனால் தன் பிள்ளை எந்தச் சத்தத்திற்குத் திரும்புகின்றது, எதைக் கண்டு பயப்படுகின்றது, எந்த வேலையை ஒருமுறை காட்டினால் செய்கின்றது என்பது அவளுக்குத் தெரிந்த அளவு எந்தப் பட்டதாரிக்கும் தெரியாது. அதுவும் அறிவுதான். அந்த அறிவைக் கேளாமல் எழுதப்படும் திட்டம் வெறும் காகிதமே. உண்டு உறைவிடப் பள்ளியில் விடப்பட்ட பிள்ளையின் விஷயத்திலோ, பெற்றோரும் பள்ளியும் முகம் பார்ப்பதே அபூர்வம்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். பெற்றோர் கூட்டத்தை, அவர்கள் கூலிக்குப் போகும் நாளில் பகல் பத்து மணிக்கு வைத்துவிட்டு, வரவில்லை என்று குற்றம் சொல்லாமல், அவர்கள் ஊரில் இருக்கும் காலத்தில், அவர்கள் ஊரிலேயே வைக்க வேண்டும். கையெழுத்து வாங்கும் காகிதத்தை அவர்கள் பேச்சில் விளங்கச் சொல்லிய பிறகே வாங்க வேண்டும். ஊனச் சான்றுக்காகத் தூக்கிச் சுமந்துகொண்டு கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வரச் சொல்லாமல், 2022-ல் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் குறிப்பிட்ட நாட்களில் வெள்ளிமலைக்கு ஏறி வர வேண்டும். சிறப்புப் பயிற்றுநர்களை ஒப்பந்தக் கூலிகள்போல் நடத்தாமல் நிலையான உத்தியோகம் கொடுத்து, அவ்வேலைக்கு மலையில் பிறந்த ஆண்களையும் பெண்களையுமே பயிற்றுவித்து அமர்த்த வேண்டும். பெற்றோரும் உபாத்தியாயரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேச வேண்டும். ஒருவர் நாற்காலியிலும் ஒருவர் வாசற்படியிலுமாக இருந்தால் அதற்குக் கூட்டுறவு என்று பெயரில்லை. அதற்குப் பழைய ஜாகீர் என்றே பெயர்.

மலைவாழ் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையை ஒளித்து வைக்காதீர்கள். அதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை. நேர்ந்துகொண்ட ஆட்டின் விலை, மருத்துவரிடம் போய்வரும் பஸ் சார்ஜுக்கு ஆகும். பள்ளிக்குப் போய், “என் பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுக்கின்றீர்கள்?” என்று கேளுங்கள். அது பிச்சையல்ல, உரிமை.

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் முதலிய ஊர்களில் உள்ள நமது தோழர்கள் மாதம் ஒரு முறையாவது மலையேறி, பகுத்தறிவைப் பிரசங்கம் செய்வதோடு நில்லாமல், ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தையாவது எழுதிக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம். நூறு பிரசங்கம் செய்யாத வேலையை அந்த ஒரு விண்ணப்பம் செய்யும்.