ஒரு பட்டனும் 11 பிள்ளைகளும்

நான் பி.காம். பற்று, வரவு தவிர வேறு எதிலும் தலையிடாமல் இருந்திருந்தால் இந்தக் கதைக்கே அவசியம் இருந்திருக்காது. விதி யாரை விட்டது?

2008-ல் மூன்று மாத கம்ப்யூட்டர் சர்டிபிகேட் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, தெருவில் 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்' என்று பெயர் எடுத்திருந்தேன். அதை நம்பி ஓர் அறக்கட்டளையின் பொருளாளர் கூப்பிட்டு அனுப்பினார். ரிடயர்டு தலைமை ஆசிரியர். பிளஸ் டூ முடித்த ஏழைப் பிள்ளைகளுக்கு அவர்கள் உதவித்தொகை கொடுத்து வந்தார்கள்.

"விண்ணப்பமெல்லாம் இனிமே இன்டர்நெட்லதான் வரணுமாம். ஒரு ஃபாரம் பண்ணிக் குடுப்பா. எவ்வளவு ஆகும்?"

ஐந்நூறு என்றேன். முந்நூறும் ஒரு காபியும் என்று முடித்தார்.

பெயர், முகவரி, அதற்குக் கீழே பாடமும் மார்க்கும் எழுத ஒரே ஒரு வரி. 'அடுத்த பாடம்' என்ற பட்டனை அமுக்கினால் இன்னொரு வரி முளைக்கும். ஆறு பாடத்துக்கு ஐந்து அமுக்கு. கடைசியில் 'அனுப்பு'. வீட்டில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் போட்டுப் பார்த்தேன். பிரமாதம்! நானே என்னை முதுகில் தட்டிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து சாரிடமிருந்து போன். "என்னப்பா பிள்ளைங்க இதுங்க? 11 பேர் தமிழ் மார்க்கை மட்டும் போட்டு அனுப்பியிருக்காங்க. மத்த அஞ்சு பாடம் எங்கே? ஒரு ஃபாரத்தை ஒழுங்கா நிரப்பத் தெரியாததுக்கெல்லாம் ஸ்காலர்ஷிப் எதுக்கு? தள்ளி வச்சுட்டேன்."

"ஆமாம் சார், இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுப்பே இல்லை" என்றேன். எனக்கு அப்போது வயது 21.

மறுநாள் காலை, எதிர்வீட்டு இட்லிக்கார அம்மாவின் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். 1200-க்கு 1,127 எடுத்தவள்.

"அண்ணா, 'அடுத்த பாடம்'னுதான் அமுக்கினேன். 'நன்றி, விண்ணப்பம் கிடைத்தது'ன்னு வந்துடுச்சு. மறுபடி போட்டா, ஏற்கெனவே விண்ணப்பிச்சாச்சுன்னு சொல்லுது."

பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். கடைக்காரர் வைரஸுக்குப் பயந்து எல்லா மெஷினிலும் ஃபயர்ஃபாக்ஸ் போட்டிருந்தார். தமிழ் மார்க்கை அடித்தேன். 'அடுத்த பாடம்' அமுக்கினேன். "நன்றி!" என்றது திரை. எனக்கு வியர்த்தது.

விஷயம் இவ்வளவுதான். ஃபாரத்துக்குள் ஒரு பட்டன் வைத்தால் அது என்ன ஜாதிப் பட்டன் என்று 'டைப்' எழுத வேண்டும். நான் எழுதவில்லை. எழுதாவிட்டால் அது 'சப்மிட்', அதாவது அனுப்பும் பட்டன் என்பது 1997-ல் வந்த ஹெச்.டி.எம்.எல். 4 விதி. ஃபயர்ஃபாக்ஸ் விதிப்படி நடந்து, அரைகுறை விண்ணப்பத்தை அனுப்பிவிட்டது. அப்போதிருந்த எக்ஸ்ப்ளோரரோ, 7-ம் பதிப்பு வரை, அதை வெறும் பட்டன் என்றே எடுத்துக்கொண்டது. 2009-ல் வந்த 8-ம் பதிப்பில்தான் திருந்தியது.

பி.காம். பாஷையில் சொன்னால், வவுச்சரில் பற்றா வரவா என்று எழுதாமல் விட்டுவிட்டேன். ஒரு கணக்குப்பிள்ளை பற்றில் எழுதினார், இன்னொருவர் வரவில் எழுதினார். தப்பு வவுச்சர் எழுதியவன் மேல்.

வைத்தியம் ஒரே வார்த்தை. வரி சேர்க்கும் பட்டனுக்கு 'டைப்' என்ற இடத்தில் 'பட்டன்' என்றே எழுதினேன். அனுப்பும் பட்டனுக்கு 'சப்மிட்'. ஆறு பாடமும் இல்லாமல் விண்ணப்பம் வந்தால் வாங்கிக்கொள்ளாதே என்று சர்வருக்கும் சொல்லி வைத்தேன். அரை மணி நேர வேலை.

மைக்ரோசாஃப்ட் 2022-ல் எக்ஸ்ப்ளோரருக்கு விடை கொடுத்துவிட்டது. நிம்மதி என்று நினைக்காதீர்கள். இன்றைக்கும் 'டைப்' எழுத மறந்தால் எல்லா பிரவுசரும் ஒற்றுமையாக அரைகுறையை அனுப்பும். அது போக, மேக் கம்ப்யூட்டரில் பட்டனை அமுக்கினால் குரோம் அதற்கு 'ஃபோகஸ்' தரும், சஃபாரி தராது. அதை நம்பி ஏதாவது எழுதியிருந்தால் போச்சு. ஆகவே ஃபாரம் செய்கிறவர்கள் சொந்த மெஷினில் பார்த்து முதுகில் தட்டிக்கொள்ளாமல், பக்கத்து வீட்டு மெஷினிலும் ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள்.

அன்று சாயங்காலமே சார் வீட்டுக்குப் போய், முந்நூறு ரூபாயை மேஜையில் வைத்து உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், தள்ளி வைத்த 11 விண்ணப்பங்களையும் ஒரு கட்டு போஸ்ட் கார்டையும் எடுத்து வந்தார். மீதி மார்க்கை எழுதி அனுப்பும்படி 11 பேருக்கும் தன் கையாலேயே எழுதினார். இட்லிக்கார அம்மாவின் பெண்ணுக்கு எழுதியதை என்னிடமே கொடுத்தார்.

"முப்பத்தஞ்சு வருஷம் வாத்தியாரா இருந்தேம்ப்பா. பதில் தப்பா இருந்தா பையனைத்தான் அடிச்சிருக்கேன். கேள்வித்தாளை ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை."

முந்நூறையும் திருப்பித் தரவில்லை. காபி மட்டும் கொடுத்தார்.