செட்டைத் திருத்தக் கொடுக்க முன்னம்

"செட்டில இடப்பக்கம் சத்தம் குறையுது." எங்கள் குழுத் தோழர் ஒருவரின் அப்பா மாதக்கணக்கில் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா குவைத்தில் வீட்டுவேலை செய்த காசில் வாங்கிக் கொடுத்த செட். வீட்டில் மற்றவர்களுக்குச் சரியாகத்தான் கேட்டது. டவுனில் ஒரு கடையில் திறந்துகூடப் பார்க்காமல், "அம்ப்ளிஃபயர் போச்சு, புதுசு வாங்குங்க" என்றார்கள். புதுசு வாங்க யாரிடம் காசு இருக்கு? ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேர் அந்த லயத்துக்குப் போனோம்.

நாங்கள் ஒன்றும் பாஸ் இல்லை. எங்களுக்குத் தெரிந்தது ஒரே வழி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் இடம் வலம் மாற்றுவது. ஒவ்வொரு முறையும் கரண்டை நிறுத்திவிட்டுத்தான் வயரில் கை வைக்க வேண்டும். ஸ்பீக்கர் வயர்கள் ஒன்றோடொன்று முட்டினால் நல்ல அம்ப்ளிஃபயரும் போய்விடும்.

முதலில் பேலன்ஸ் குமிழ் நடுவில் இருக்கிறதா என்று பார்த்தோம். ஃபோனில் பாட்டுப் போடுபவர்கள் ஃபோனின் செட்டிங்ஸையும் பார்க்க வேண்டும், அங்கேயும் இடம் வலம் கூட்டிக் குறைக்கும் கோடு ஒன்று உண்டு. அடுத்து ஃபோனிலிருந்து வரும் சிவப்பு, வெள்ளை வயர்களை அம்ப்ளிஃபயரில் மாற்றிக் குத்தினோம். குறை வலப்பக்கம் போனால் கோளாறு ஃபோனில் அல்லது அந்த வயரில். போகவில்லை. பிறகு அம்ப்ளிஃபயரின் பின்னால் ஸ்பீக்கர் வயர்களை மாற்றினோம். குறை பக்கம் மாறினால் கோளாறு அம்ப்ளிஃபயரில். அதுவும் மாறவில்லை. அப்படியென்றால் கடைக்காரர் சொன்னது பிழை.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் ஊர்ப் பனிக்கும் ஈரத்துக்கும் வயர் முனைகள் பச்சை பூத்துப்போகும். வால்யூம் குமிழின் உள்ளே அழுக்குப் படியும். குமிழைத் திருப்பும்போது கரகரத்து ஒரு பக்கம் வந்து வந்து போனால், கரண்டை நிறுத்திவிட்டு இருபது தடவை முழுசாக முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். கொன்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்தால் இன்னும் நல்லது. 'அம்ப்ளிஃபயர் போச்சு' என்று தூக்கிப் போடும் செட்டுகளில் எத்தனையோ இவ்வளவு வேலைதான் கேட்கும்.

அப்பா கதிரையில் உட்கார்ந்தபடி, "இப்பவும் இடதுதான்" என்றார். ஸ்பீக்கர் பெட்டிகளையே இடம் மாற்றி வைத்தோம். "இடதுதான்." மிச்சம் இருந்தது காம்பரா. மூலையில் இருக்கும் பெட்டிக்கு இரண்டு சுவரும் சேர்ந்து பேஸைத் தூக்கிக் கொடுக்கும், கதவோரம் இருப்பது மெலிந்து கேட்கும். அதையும் பார்ப்போம் என்று அப்பாவின் கதிரையைத் திருப்பி, செட்டுக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொன்னோம். காம்பராதான் காரணம் என்றால் அதே பெட்டிதான் இப்பவும் குறைவாகக் கேட்க வேண்டும். அவர் மற்றப் பெட்டிப் பக்கம் கையைக் காட்டினார். திரும்பி உட்கார்ந்தபோது அதுதான் அவருடைய இடது காதின் பக்கம்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் இடது காதில் அடைத்திருந்த குறும்பியை எடுத்தார்கள். இடமும் வலமும் சமமாகிவிட்டது. ஆனால் பரிசோதனையில் இன்னொன்றும் தெரிந்தது: இரண்டு காதிலும் மெல்லிய, கூர்மையான சத்தங்கள் கேட்பது குறைந்திருந்தது. அது குறும்பியால் வந்ததில்லை. அப்பா இருபத்தெட்டு வருஷம் தேயிலை பெக்டரியில் ரோலருக்கும் டிரையருக்கும் நடுவில் நின்றவர். இரைச்சலால் வரும் குறைபாடு பெரும்பாலும் இரண்டு காதையும் சேர்த்தே பிடிக்கும், 4000 ஹேர்ட்ஸ் பக்கத்தில்தான் முதலில் தொடங்கும். ஸ, ச மாதிரி ஒலிகள் மங்கிப்போகும். "பேசுறது கேக்குது, என்னன்னுதான் விளங்கல்ல" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது இதனாலும் இருக்கலாம். நாங்களோ 'கவனிக்கிறதே இல்ல' என்று அவர்கள்மேல் எரிந்து விழுகிறோம்.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 85 டெசிபல் இரைச்சலில் 8 மணித்தியாலம்தான் எல்லை என்கிறது. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும்: 88 என்றால் 4 மணித்தியாலம். மீட்டர் இல்லாமலும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் காதுக்கு ஆகாது. பெக்டரியில் வேலை செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், சைகையில்தான் பேசிக்கொள்வோம் என்பார்கள். இப்படிப் போகும் கேள்வித்திறன் திரும்பி வராது. வராமல் தடுக்கத்தான் முடியும்.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் பாதுகாப்புக்கென்று இருக்கிற நாடு இது. ஒவ்வொரு தேயிலை பெக்டரியிலும் காது மூடி கொடுக்க வேண்டும், வருஷத்துக்கு ஒருமுறை காதைச் சோதிக்க வேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் சங்கங்கள் இதையும் மேசையில் வைக்கட்டும். நாட்சம்பளம் முக்கியம்தான், அதற்காகக் காது இலவசமாகப் போகவேண்டியதில்லை.

வீட்டில் நாங்கள் செய்யக்கூடியதும் இருக்கு. டிவி சத்தத்தை யாராவது கூட்டிக்கொண்டே போனால் கோபப்படாமல் காதைக் காட்டக் கூட்டிப் போங்கள். சுடு எண்ணெய், கோழி இறகு எல்லாம் வேண்டாம். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே போங்கள், நாள் கடந்தால் வைத்தியம் பலிக்காமல் போகலாம். ஒரு காது நிரந்தரமாக மந்தம் என்றால் ஃபோனில் 'மோனோ' என்று போட்டுவிடுங்கள். இரண்டு பக்கத்துச் சத்தமும் ஒன்றாகச் சேர்ந்து வரும், பாட்டில் ஒன்றும் தவறாது.

அப்பாவின் செட் இப்போதும் அதே மூலையில்தான் பாடுகிறது. திருத்தச் செலவு ஒரு சதமும் இல்லை. அவருடைய காது முன்னைப் போல ஆகாது. அவர் நின்ற அதே ரோலர் பக்கத்தில் இன்றைக்கு எங்கள் வயசுப் பெடியன் ஒருவன் நிற்கிறான், காதில் ஒன்றும் இல்லாமல்.