வியர்வையில் போகும் உப்பு

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல்லுக்கு 46 கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் ஒரு தூக்கம் போடுவதற்குள் அருவியின் இரைச்சல் கேட்டுவிடும். இந்தச் சௌகரியத்தை வேண்டாமென்று தள்ளிவிட்டு, சென்ற சித்திரை மாதத்தில் அவ்வளவு தூரத்தையும் கால்நடையாகவே கடப்பதென்று என் தமக்கையின் புதல்வன் தீர்மானித்தான். நெடுந்தூர ஓட்டப் பந்தயம் ஒன்றுக்குப் பழகுகிறானாம். வெயிலில் காய்ந்தால்தான் தேகம் உரம் பெறும் என்பது அவனுடைய சித்தாந்தம்.

"தண்ணீருக்கு என்ன ஏற்பாடு?" என்று கேட்டேன்.

"அதைப் பற்றிக் கவலையே இல்லை, மாமா. மணிக்கு இரண்டு லிட்டர் வீதம் குடித்துக்கொண்டே போவேன். வெயிலில் எவ்வளவு குடித்தாலும் நல்லதுதானே?" என்றான்.

அவனுக்கு நான் சொன்ன பதிலையே இவ்வாரம் நேயர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

வெயிலில் நடப்பது இந்த ஜில்லாவுக்குப் புதிய விஷயமன்று. 1908-ம் வருஷம் சிறை புகுந்த சுப்பிரமணிய சிவம் அங்கே குஷ்ட நோய்க்கு ஆளானார். அந்நோயையே காரணமாகக் காட்டி, அவர் ரயிலில் ஏறக் கூடாதென்று அன்றைய சர்க்கார் தடுத்தார்கள். புண்பட்ட பாதங்களுடன் அவர் ஊர் ஊராக நடந்தே தேசப் பணி செய்தார். பிறகு பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்து, 1925 ஜூலை 23-ந் தேதி அங்கேயே உயிர் நீத்தார். நெடுந்தூரம் நடப்பவரின் பாதம் படும் பாட்டைப் பிறர் கண்ணால் காணலாம். உள்ளே ரத்தம் படும் பாடு மட்டும், நடப்பவருக்கே தெரிவதில்லை.

உழைக்கும் தேகம் தன் சூட்டைத் தணித்துக்கொள்ள வியர்க்கிறது. கடும் வெயிலில் ஓடுகிறவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வியர்ப்பது சாதாரணம். ஒன்றரை லிட்டருக்கு மேல் வியர்ப்பவர்களும் உண்டு. அந்த ஒரு லிட்டரில் சராசரியாக ஒரு கிராம் சோடியம் போய்விடுகிறது. கறியுப்பாகக் கணக்கிட்டால் சுமார் இரண்டரை கிராம், அதாவது ஏறத்தாழ அரைத் தேக்கரண்டி. பொட்டாசியமும் சிறிது போகிறது. இவற்றையெல்லாம் சேர்த்து 'எலெக்ட்ரோலைட்' என்று வைத்தியர்கள் அழைப்பார்கள். இந்தச் செலவு ஆளுக்கு ஆள் வேறுபடும். காய்ந்த சட்டையில் வெள்ளை வெள்ளையாகக் கோடு படிந்தால், அந்த மனிதருக்கு உப்புச் செலவு அதிகமென்று அறியலாம். பத்துப் பதினைந்து நாள் வெயிலில் உழைத்துப் பழகினவரின் தேகமோ உப்பைச் சிக்கனமாகவே வெளியிடுகிறது. பாலக்கோட்டில் தக்காளி பறிக்கும் அம்மாள் தாங்கும் வெயிலை, விடுமுறைக்கு வந்த பட்டணத்துக் குமாஸ்தா தாங்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏழை, பணக்காரனைக் காட்டிலும் அதிகமாக உண்ண வேண்டிய பொருள் உப்பு ஒன்றுதான் என்பதை 1930 மார்ச்சில் வைசிராய்க்கு எழுதிய கடிதத்தில் காந்தியடிகள் எடுத்துக் காட்டினார். அடுத்த மாதம் 13-ந் தேதி ராஜாஜியின் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து புறப்பட்டு, 150 மைல் நடந்து, 28-ந் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சோறோ இடமோ கொடுக்கக் கூடாதென்று தஞ்சைக் கலெக்டர் எச்சரித்திருந்தார். ஏப்ரல் மாத வெயிலில், உப்புக்காக, உப்பை வியர்வையாகச் சிந்திக்கொண்டே நடந்த அந்தக் கூட்டத்தை நினைக்கும்போது, அடிகளின் வாதம் வெறும் ராஜீய வாதமாகத் தோன்றவில்லை. தேகத்தின் இயல்பை ஒட்டிய வாதமாகவும் தோன்றுகிறது.

இனி, மருமகனின் மணிக்கு இரண்டு லிட்டருக்கு வருவோம். 1923-ம் வருஷம் இங்கிலாந்தில் மாஸ் என்னும் பேராசிரியர், சூடான நிலக்கரிச் சுரங்கங்களில் உழைப்பவர்களுக்கு உண்டாகும் கொடிய தசைப்பிடிப்பை ஆராய்ந்தார். மிகுதியாக வியர்த்து உப்பை இழந்தவர்கள், அதன்மேல் வெறுந் தண்ணீரை ஏராளமாகக் குடித்ததே காரணமென்று கண்டார். (காலில் ஏற்படும் எல்லாப் பிடிப்புக்கும் உப்புக் குறைவுதான் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. தசை களைத்துப் போனாலும் பிடித்துக்கொள்ளும்.) 2002-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மாரத்தான் ஓட்டத்தை முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்துக்குப் பின் எடை ஏறியவர்களிடமே இது மிகுதியாகக் காணப்பட்டது. நாலு மணி நேரம் ஓடியும் எடை ஏறுவானேன்? வியர்த்ததற்கு மேல் குடித்ததனால்தான்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வியர்வையைக் காட்டிலும் ரத்தத்தில் உப்பு மும்மடங்கு இருக்கும். ஆகவே வியர்ப்பதனால் மட்டும் ரத்தம் நீர்த்துப் போவதில்லை. அளவு மீறிக் குடிக்கும் தண்ணீரே அதை நீர்க்கச் செய்கிறது. அப்படி நீர்த்தால் மூளை வீங்குகிறது. தலைவலி, வாந்தி, விரல் வீக்கம், பேச்சுத் தடுமாற்றம், முடிவில் வலிப்பு. உடனிருப்பவர்கள் தாகத்தால் மயங்குகிறான் என்று எண்ணி மேலும் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றுவார்கள். அதுவே அவனுக்கு எமனாகலாம். அவனை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தேகம் அனலாய்க் கொதித்துப் புத்தி தடுமாறினால் அது வேறு நோய், வெயில் தாக்கு. அதற்குத் தாமதியாமல் மேலெல்லாம் தண்ணீர் கொட்டிக் குளிர்விக்க வேண்டும். அதன் பிறகே வண்டி தேடலாம்.

அப்படியானால் எதைத்தான் குடிப்பது? ஒரு மணி நேரத்துக்குள் முடியும் நடைக்கு வெறுந் தண்ணீரே போதும். அதற்கு மேற்பட்டால், தாகம் எடுக்கும்போதெல்லாம் உப்பிட்ட நீர்மோர். ஒரு லிட்டர் மோருக்கு அரைத் தேக்கரண்டி உப்புக்கு மேல் வேண்டாம். கேழ்வரகுக் கூழில் மோரும் உப்பும் கலந்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு வயலுக்குப் போகிறார்களே, அவர்களுக்கு யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. பானகம் விரும்புகிறவர்கள் அதில் ஒரு சிட்டிகை உப்பையும் சேர்க்கட்டும். சர்க்கரையும் உப்பும் சேர்ந்திருந்தால் குடல் இரண்டையும் விரைவாக ஏற்கிறது. கூடவே நீரும் போகிறது. 1971-ல் வங்காள அகதிகளிடையே காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகாலனாபிஸ் இந்த முறையைக் கொண்டே எண்ணற்ற உயிர்களைக் காத்தார். இளநீர் அருமையான பானந்தான். ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வியர்வையில் போன உப்பை அது ஈடு செய்யாது. கடையில் விற்கும் வர்ணப் பானங்களும் ரத்தத்தைவிட நீர்த்தவையே. அவற்றையும் அளவு மீறிக் குடித்தால் வெறுந் தண்ணீர் செய்யும் கேட்டையே செய்யும். ரத்தக் கொதிப்பும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் உப்பில் கைவைக்கக் கூடாது.

தர்மபுரிக்காரர்களுக்கு மற்றுமொரு வார்த்தை. இந்த ஜில்லாவின் ஆழ்கிணறுகள் பலவற்றில் புளோரைடு அதிகம். அது பல்லையும் எலும்பையும் கெடுப்பது. வெயிலில் அதிகம் குடிப்பவரின் தேகத்தில் அதுவும் அதிகமாகச் சேரும். 2013-ல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவேரியைக் கொண்டு வந்தது இதற்காகத்தான். மோர் பெருக்குவதற்கும் அந்தத் தண்ணீரையே எடுங்கள்.

மருமகன் விடியற்காலை நாலரை மணிக்குப் புறப்பட்டான். தூக்கில் மோர், மடியில் இரண்டு வாழைப்பழம். "எடை கூடக் கூடாது, மிகக் குறையவும் கூடாது. நூற்றுக்கு இரண்டு பங்கு குறைந்தால் பாதகமில்லை" என்று சொல்லி அனுப்பியிருந்தேன். வெயில் ஏறுவதற்குள் பென்னாகரம் சேர்ந்து, ஒரு புளி மண்டித் தராசில் ஏறி நின்றானாம். வீட்டில் 61 கிலோ இருந்தவன் அங்கே 60 இருந்தான். மண்டிக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பி, மூட்டை எங்கே?" என்று கேட்டாராம். மீதி தூரத்தைப் பஸ்ஸில் போனான்.